பெரிய அந்தமானியரின் மொழியிழப்பும் குடும்பச் சிதைவும் – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

அந்தமான் தீவுகளின் தொல்குடியினருள் பெரிய அந்தமானியர் எனப்படுவோர் பத்துக் குழுக்களாக வாழ்ந்து, ஒன்றோடொன்று உறவுடைய பத்து மொழிகளைப் பேசிவந்தனர். 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் 625 பேர். 1911இல் 455 பேராகவும், 1931இல் 90 பேராகவும், 1951இல் 23 பேராகவும், 1961இல் 19 பேராகவும் குறைந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 44 பேர் என உயர்ந்துள்ளனர். எனினும் மக்கள்தொகை மீண்ட அளவிற்கு மொழி மீளவில்லை.

மொழியியல் நூல்களில் இவ்வீழ்ச்சி ‘மொழிப்பெயர்வு’, ‘மொழி மறைவு’ என்னும் கலைச்சொற்களால் சுட்டப்படுகிறது. ஒரு மக்கள் தம் மொழியைத் தாமே கைவிட்டு வேறொன்றை ஏற்றுக்கொண்டதைப் போன்ற தோற்றத்தை இச்சொற்கள் தருகின்றன. பெரிய அந்தமானியர் வரலாற்றில் நிகழ்ந்தது வேறு. முதலில் நிலமும் வாழ்வாதாரமும் பறிக்கப்பட்டன. பின்னர்க் குடும்பம் சிதைந்தது. அதன்பின் துயரத்தை ஆற்றிக்கொள்வதற்கு அம்மக்கள் வைத்திருந்த வழக்காறுகள் இடமற்றுப் போயின. இறுதியாக மொழி போயிற்று. இவ்வரிசையை ஆவணங்களின் துணைகொண்டு காட்டுவதும், மனநலம் பற்றிய ஆய்வில் மொழிக்குள்ள இடத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஆவணங்கள் பற்றி ஒரு சொல் கூறுதல் வேண்டும். நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஆட்சியாளர் எழுதியவை. அவற்றுள் இறப்பும் நோயும் எண்ணிக்கையில் உள்ளன; மனத்துயர் எண்ணப்படவில்லை. எனவே இன்றைய மருத்துவப் பெயர்களை அக்கால மனிதர்க்குச் சூட்டுவதை இக்கட்டுரை தவிர்க்கிறது. துயரம் எத்தகைய வாழ்வியல் ஏற்பாடுகளால் தாங்கப்பட்டது, அவ்வேற்பாடுகள் எவ்வாறு குலைந்தன என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

2. குடியேற்றமும் ‘இல்ல’மும்

1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் அமைத்த முதற் குடியேற்றம் 1796இல் கைவிடப்பட்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடுத்து, 1858 மார்ச்சுத் திங்களில் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றம் நிறுவப்பட்டது. (இந்நகர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ளது.) காடு வெட்டப்பட்டதை எதிர்த்து 1859 மே மாதத்தில் அந்தமானியர் அபர்டீன் என்னும் இடத்தில் தாக்குதல் தொடுத்தனர். தப்பியோடி அவர்களுடன் ஏறத்தாழ ஓராண்டு வாழ்ந்திருந்த தூத்நாத் திவாரி என்னும் கைதி, அவர்கள் மணம் செய்துவைத்த மனைவியரையும் விட்டு வந்து, முன்கூட்டியே எச்சரித்தமையால் தாக்குதல் தோல்வியுற்றது.

1863இல் கடற்படையைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டதன் தொடர்பாக அந்தமானியர் சிலர் பிடிக்கப்பட்டு ராஸ் தீவில் அடைக்கப்பட்டனர். கொல்லப்பட்டவர் அந்தமானியப் பெண் ஒருத்தியிடம் முறைகேடாக நடக்க முயன்றதே கொலைக்குக் காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது. அடைக்கப்பட்டவர்க்கு ஆட்சியினர் ஜம்போ, ஸ்னோபால் எனப் பெயரிட்டனர். ஜம்போவின் மனைவி டாப்சி என அழைக்கப்பட்டாள். ஸ்னோபால் என்பது பனியுருண்டை எனப் பொருள்படும்; கருநிறத்தாரை எள்ளி வைத்த பெயர் அது. டாப்சி என்பது ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 1852ஆம் ஆண்டுப் புதினத்தில் வரும் கறுப்பின அடிமைச் சிறுமியின் பெயர். அட்லாண்டிக் கரையின் அடிமை வாணிகம் உருவாக்கிய இனப்படிநிலை வங்கக் கடலின் தீவொன்றில் பெயர் வழியே வந்து சேர்ந்ததை இங்குக் காண்கிறோம்.

இப்பெயரிடுதலின் கடுமையை உணர அந்தமானியர் பெயரிடு மரபை அறிதல் வேண்டும். அவர்களிடையே குழந்தை பிறப்பதற்கு முன்பே பெயர் வைக்கப்படும்; ஆதலின் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர்கள் பொது. பெண் பூப்பெய்தும்போது அப்பருவத்தில் பூக்கும் மரம் ஒன்றன் பூவால் அவளுக்கு மற்றொரு பெயர் அமையும். ஒருவர் இறந்தால் துக்கக் காலம் முழுவதும் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். பெயர் என்பது உறவும் பருவமும் துக்கமும் பின்னிய ஓர் அமைப்பாக இருந்தது. அவ்வமைப்பின்மேல் கேலிப்பெயர்கள் வைக்கப்பட்டன.

அவ்வாண்டிலேயே ஹென்றி கார்பின் என்னும் பாதிரியார் பொறுப்பில் ராஸ் தீவில் ‘அந்தமான் ஹோம்’ தொடங்கப்பட்டது. இதனைத் தமிழில் ‘அந்தமான் இல்லம்’ என்றே பெயர்த்து வருகிறோம். தமிழில் இல்லம் என்பது மனையையும் குடும்பத்தையும் குறிக்கும் சொல். அந்த ‘ஹோம்’ தொடக்கத்தில் காவலுடன் கூடிய அடைப்பிடம். பின்னர் உணவும் புகையிலையும் வழங்கும் இடம். குழந்தைகளுக்கெனத் தனி விடுதியும் நடத்தப்பட்டது. மக்களைத் தம் இல்லங்களிலிருந்து பிரித்த நிறுவனத்திற்கு இல்லம் என்ற பெயர் வழங்குவதை மொழிபெயர்ப்பாளர் மறுபரிசீலனை செய்தல் நலம். ‘காப்பகம்’ என்பது ஓரளவு பொருந்தலாம். ‘அடைப்பிடம்’ என்பது தொடக்கக்கால நிலைக்கு இன்னும் நெருங்கியது.

3. வறுமை உண்டாக்கப்பட்ட முறை

காட்டிலும் கடற்கரையிலும் வேட்டையாடியும் மீன் பிடித்தும் கிழங்கும் தேனும் திரட்டியும் வாழ்ந்த மக்களை வறியவர் எனல் பொருந்தாது. வறுமை என்பது பொருளின் குறைவு மட்டுமன்று. பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் நிலையும் ஆகும். அந்நிலை குடியேற்றத்தின்பின் மூன்று வழிகளில் உண்டாயிற்று.

முதலாவது, காடழிப்பு. தென் அந்தமானில் குடியேற்றம் விரிய விரிய வேட்டை நிலம் சுருங்கிற்று. இரண்டாவது, புகையிலை. காட்டிலிருந்து மக்களை அழைத்து வருவதற்கு அது தூண்டிலாகப் பயன்பட்டது. பழகிய பின்னர் அதனைப் பெறுவதற்காகவே அவர்கள் குடியேற்றத்திற்கு வரவேண்டியதாயிற்று. மூன்றாவது, அவர்கள் செய்த ஊழியம். தப்பியோடிய கைதிகளைத் தேடிப் பிடித்துத் தருவதற்கும், ஜாரவாக்களுக்கு எதிரான படைப்பயணங்களில் வழிகாட்டுவதற்கும் அவர்கள் பயன்படுத்தப்பட்டனர். இதனால் கைதிகளின் பகையும் அண்டைக் குடியின் பகையும் அவர்கள்மேல் விழுந்தன.

இவற்றோடு நோய்கள் சேர்ந்தன. 1868இல் நுரையீரல் அழற்சியும், 1876இல் மேகநோயும், 1877இல் தட்டம்மையும், 1892இல் விஷக்காய்ச்சலும் பதிவாகியுள்ளன. மேகநோய், ‘இல்ல’ங்களில் மேற்பார்வைக்கு அமர்த்தப்பட்ட கைதிகள் வழியாகப் பரவியது. அதன் விளைவாகப் பிள்ளைப்பேறு குன்றியது; பிறந்த குழந்தைகளும் பெரும்பாலும் பிழைக்கவில்லை. தட்டம்மை பெருந்தொகையினரை மாய்த்தது.

1877ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு வரலாற்றிலும் இடம்பெறுவது. இ. எச். மேன் தென் அந்தமான் மொழியில் பெயர்த்த கிறித்தவ இறைவேண்டல், ஆர். சி. டெம்பிள் எழுதிய முன்னுரையுடன் அவ்வாண்டில்தான் கல்கத்தாவில் அச்சாயிற்று. அந்தமானிய மொழிகள் பற்றிய அறிவு வளர்ந்ததும் அவற்றைப் பேசியோர் மாய்ந்ததும் ஒரே நிருவாகத்தின் கீழ், ஒரே ஆண்டுகளில் நிகழ்ந்தன. எம். வி. போர்ட்மன் 1887இலும் 1898இலும் வெளியிட்ட மொழி நூல்களும் இக்காலத்தனவே. அவர் அந்தமானியரை அளந்தும் நிழற்படம் எடுத்தும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு அனுப்பினார். இந்நூல்களின்றி இன்று நமக்கு அகா-பேயா மொழியைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் தெரிந்திராது. அந்நன்றியையும், அவை எழுந்த சூழலையும் ஒருங்கே நினைவிற் கொள்ளவேண்டியவர்களாக இருக்கிறோம்.

4. குடும்பமும் துக்கமும்

அந்தமானியக் குடும்பம் தாய், தந்தை, பிள்ளை என்ற சிறு வட்டத்துள் அடங்குவதன்று. ஆறேழு வயதிற்கு மேற்பட்ட பிள்ளை பெற்றோருடனேயே வாழ்வது அரிது என மேன் 1883இல் எழுதினார். நண்பர் குடும்பத்தார் பிள்ளையைக் கேட்டு வாங்கித் தம் பிள்ளையாக வளர்ப்பர். பெற்றோர் வேறொரு குடும்பத்தின் பிள்ளையை வளர்ப்பர். இதனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு குடும்பங்கள் உறவாயின. குழுக்களுக்கிடையே நட்பும் நிலைத்தது. நம் ஊர்களில் பிள்ளையில்லாதவர் சொத்துரிமை கருதித் தத்தெடுப்பதைப் போன்றதன்று இது. பிள்ளைகளைப் பகிர்ந்து வளர்க்கும் ஏற்பாடு.

இத்தகைய ஏற்பாடு போதிய எண்ணிக்கையில் குடும்பங்களும் பிள்ளைகளும் இருந்தாலன்றி நடவாது. 1906 முதல் 1908 வரை களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன் பார்த்தது, பிள்ளைகள் அருகிப்போன ஒரு சமுதாயத்தை. பகிர்ந்து வளர்ப்பதற்குப் பிள்ளையே இல்லாத நிலையில், குடும்பங்களைப் பிணைத்த கயிறு அறுந்தது எனலாம்.

துக்க வழக்காறும் இவ்வாறே. அவருடைய நூல் (1922) தரும் செய்திகளைச் சுருங்கக் கூறின்: நெருங்கிய உறவினர் உடலிலும் தலையிலும் களிமண் பூசிக்கொள்வர், சில உணவுகளையும் ஆடலையும் விலக்குவர். இறப்பு நேர்ந்த குடியிருப்பை விட்டு அனைவரும் வேறிடம் செல்வர். அங்கு இறப்பு நிகழ்ந்ததை வழிவருவோர் அறிய இலைத்தோரணம் கட்டப்படும். சில திங்கள் கழித்து எலும்புகளைத் தோண்டியெடுத்துத் தூய்மைசெய்வர். மண்டையோட்டையும் எலும்புகளையும் உறவினர் அணிந்துகொள்வர். பின்னர் அனைவரும் கூடி அழுது, ஆடித் துக்கத்தை முடிப்பர். நெடுநாள் பிரிந்தவர் மீண்டும் சந்திக்கும்போதும் ஒருவரையொருவர் தழுவி அமர்ந்து அழுவதே அவர்தம் வரவேற்பு முறை.

நம் ஒப்பாரியும் பதினாறாம் நாள் சடங்கும் செய்யும் பணியை இவ்வழக்காறுகள் செய்தன. துயரத்திற்கு ஒரு தொடக்கமும் முடிவும் அவை வகுத்தன. தனியொருவர் துயரைப் பலர் சுமக்கச் செய்தன. ஆனால் ஒரு துக்கம் முடிவதற்குள் பத்து இறப்புகள் நேருமாயின் எதனை எப்போது முடிப்பது? குடியிருப்பை விட்டுச் செல்ல நிலம் இல்லையெனில் எங்குச் செல்வது? இறந்தோர் பெயரைச் சொல்லலாகாது என்னும் விலக்கு, பாதிப்பேர் இறந்த ஒரு குழுவில் எத்தகைய அமைதியை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உறவினர் அணிந்த எலும்புகளோ ஐரோப்பியச் சேகரிப்பாளர் கைக்குச் சென்று, அருங்காட்சியகங்களில் இனவியல் பொருள்களாயின. ஒரு குடும்பத்தின் துக்கம் அங்கே இனத்தின் சான்றாகக் காட்டப்பட்டது.

5. மொழியில் உடலும் மனமும்

பெரிய அந்தமானிய மொழிகளின் இலக்கணம் உடலை அடிப்படையாகக் கொண்டது. உடல் சில மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் ஒரு முன்னொட்டு அமைகிறது. அன்விதா அப்பி தம் இலக்கண நூலில் (2013) இத்தகைய ஏழு வகுப்புகளைக் காட்டுகிறார். உறுப்புப் பெயர்களோடு மட்டுமன்றிப் பெயரடை, வினை ஆகியவற்றோடும் இவை சேர்கின்றன.

அகா-பேயா மொழியிலிருந்து பழைய நூல்கள் தரும் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ‘பேரிங’ என்பது நன்மைப் பொருள் தரும் சொல். கையைக் குறிக்கும் ‘உன்-’ சேர்ந்தால் அது கைத்திறமையைக் குறிக்கும். கண்ணோடு தொடர்புடைய ‘இக்-’ சேர்ந்தால் கூரிய பார்வை. வாயைக் குறிக்கும் ‘அகா-’ சேர்ந்தால் மொழித்திறன். தலையும் நெஞ்சும் சார்ந்த ‘ஒத்-’ சேர்ந்தால் நற்பண்பு.

தமிழர்க்கு இது முற்றிலும் அயலானதன்று. கைராசி, வாய்க்கொழுப்பு, தலைக்கனம், வயிற்றெரிச்சல், நெஞ்சழுத்தம் என நாமும் குணத்தையும் உணர்வையும் உறுப்புகளில் வைத்துப் பேசுகிறோம். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் இது சொல்லாட்சி. வேண்டின் கையாளலாம், வேண்டாவிடின் விடலாம். அந்தமானிய மொழிகளில் இது இலக்கணக் கட்டுப்பாடு. இம்மொழியிலிருந்து இந்திக்கு மாறிய ஒருவர் இழப்பது சில சொற்களை மட்டுமன்று. தம் உடலையும் உணர்வையும் உறவையும் ஒருங்கே சுட்டும் முறையையே இழக்கிறார்.

இக்குழுக்களின் பெயர்களிலேயே அகா-பேயா, அகா-ஜேரு, அகா-போ என வாய்க்குரிய முன்னொட்டு அமைந்திருப்பது கருதத்தக்கது. தம்மை இன்னார் எனக் கூறும் பெயரிலேயே பேச்சைப் பொதிந்து வைத்திருந்தனர் அம்மக்கள்.

6. பேச்சுத்துணை இன்மை

மக்கள்தொகை குறைந்தபோது பத்துக் குழுக்களின் எஞ்சியோர் ஒன்றுகூடி வாழ்ந்து, தம்முள் மணவுறவு கொண்டனர். ஜேரு மொழியை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலப்பு மொழி அவர்களிடையே உருவாயிற்று. 1956ஆம் ஆண்டின் தொல்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்தம் நிலத்திற்குச் சட்டக் காப்பு அளித்தது. 1970 அளவில் அரசு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தி, வீடும் உணவுப்பொருளும் வழங்கியது. உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் வேட்டையாடி வாழ்ந்தவர் வழங்கலை எதிர்நோக்குவோர் ஆயினர். மதுப்பழக்கமும் காசநோயும் அவர்களைத் தொடர்ந்தன. பள்ளியும் மருத்துவமனையும் அலுவலகமும் இந்தியில் இயங்கியமையால் இளையோர் இந்தி பேசலாயினர்.

கோரா மொழியை இறுதியாகப் பேசிய பெண்மணி போரோ 2009 நவம்பரிலும், போ மொழியை இறுதியாகப் பேசிய மூதாட்டி போவா 2010 சனவரி 26 அன்றும், சாரே மொழியை இறுதியாகப் பேசிய லிச்சோ 2020 ஏப்ரல் 4 அன்றும் மறைந்தனர். போவா ஏறத்தாழ 85 ஆண்டுகள் வாழ்ந்தவர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் உயிர் பிழைத்தவர். தம் மொழியில் பேசுவதற்கு எவருமின்றிப் பறவைகளுடன் அவர் பேசிக்கொண்டிருந்ததை அப்பி பதிவு செய்துள்ளார். பறவைகளைத் தம் முன்னோராகக் கருதும் மரபு அவர்களிடையே உண்டு. ஆதலின் இதனை முதுமையின் மனப்பிறழ்வு எனக் கொள்வது பிழையாகும். உறவு முறைக்குள் நின்றே, எஞ்சியிருந்த உறவினரோடு அவர் பேசினார். அதே வேளையில் அவரது தனிமை மெய்யானது. ஒருவர் துயரத்தை நோயாகப் பார்ப்பதா வழக்காறாகப் பார்ப்பதா என்பது அவர் மொழியை அறிந்தவராலேயே முடிவு செய்யத்தக்கது என்பதற்கு இஃது ஒரு சான்று.

7. அண்டைத் தீவுகளின் சான்றுகள்

பெரிய அந்தமானியர்க்கு நேர்ந்தது தனி நிகழ்வன்று. 1901இல் 672 பேராக இருந்த ஓங்கே மக்கள் 2011இல் 101 பேர். 2008 டிசம்பரில் கடலில் மிதந்து வந்த கலத்திலிருந்த நீர்மத்தை மது எனக் கருதிப் பருகி அவர்களுள் எண்மர் உயிரிழந்தனர். நூறு பேரளவான ஒரு சமுதாயத்தில் எண்மர் மறைவது எத்தனை குடும்பங்களைக் குலைக்கும் என்பது கூறாமலே விளங்கும்.

ஜாரவா என்னும் பெயரே அகா-பேயா மொழியில் அயலார் என்று பொருள்படும். அம்மக்கள் தம்மை ‘அங்’ என்பர். 1998க்குப் பின் அவர்கள் வெளியுலகோடு தொடர்பு கொள்ளத் தொடங்கினர். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சாலையில் செல்லும் சுற்றுலாவினர் அவர்களைக் காட்சிப் பொருளாக்கியது 2012இல் நாடெங்கும் பேசப்பட்டது. போர்ட்மன் காலத்து நிழற்படக் கருவி கைமாறியிருக்கிறது. பார்வை பெரிதும் மாறவில்லை.

நிக்கோபார்த் தீவுகளில் நிகழ்ந்தது மற்றொரு வகையில் கருதத்தக்கது. அங்கு ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக் குடும்பமே நிலத்தையும் தென்னந்தோப்பையும் உடைமையாகக் கொண்டது. ஆழிப்பேரலைக்குப் பின் தீவுகளில் பணியாற்றிய பெங்களூர்த் தேசிய மனநல நரம்பியல் நிறுவன மருத்துவர்கள், இடம்பெயர்ந்தோரிடையே மனநலக் குறைபாடு மிகுந்திருந்ததையும் கூட்டுக் குடும்ப அமைப்பு துணையாக நின்றதையும் குறித்தனர். ஆனால் நிவாரணப் பணமும் வீடுகளும் தனிக் குடும்பங்களின் பெயரிலேயே வழங்கப்பட்டன. துஹெத் என்னும் சொல் நிருவாக மொழியில் ‘குடும்பம்’ என்று பெயர்க்கப்பட்டபோதே, கணவன் மனைவி பிள்ளைகள் என்ற பொருள் அதனுள் புகுந்துவிட்டது. ஒரு பிழைபட்ட மொழிபெயர்ப்பு ஒரு சமுதாய அமைப்பைத் தளர்த்தக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

உலக அளவில் ஓர் ஒப்பீடு பயன்தரும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தொல்குடிகளைப் பற்றி ஹாலெட், சாண்ட்லர், லலோண்ட் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, தம் மொழியில் உரையாட வல்லவர் பாதிக்கு மேற்பட்ட குழுக்களில் இளைஞர் தற்கொலை மிகக் குறைந்தோ இல்லாமலோ இருந்ததைக் கண்டது. மொழியறிவு நேரடியாகத் தற்கொலையைத் தடுத்தது என இதனால் கூறிவிட முடியாது; மொழியைக் காத்த குழுக்கள் நிலத்தையும் குடும்பத்தையும் தன்னாட்சியையும் காத்தவையாகவும் இருக்கலாம். ஆயினும் இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்னும் கருத்திற்கு இது வலுவூட்டுகிறது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெரிய அந்தமானியரின் மொழியிழப்பைத் தனியொரு மொழியியல் நிகழ்வாகக் காண்பது இயலாது என்பது பெறப்படும். நிலம் பறிபோனதால் வறுமையும், இனத்தைத் தாழ்த்தி மதித்ததால் பெயரும் உடலும் பிறர் வசப்படுதலும், நோயால் பிள்ளைகளின்மையும், அதனால் உறவு முறையின் தளர்ச்சியும், இறுதியில் துயரைப் பகிரும் மொழியின் மறைவும் ஒரே தொடராக அமைந்தன. மொழியிழப்பு இத்தொடரின் விளைவு. அடுத்த தலைமுறையின் துயருக்குக் காரணமும் அதுவே.

இதனால் நமக்குரிய கடமைகள் சில உள்ளன. சொற்பட்டியல் தொகுப்போர் உறவுப் பெயர்களையும் துக்கச் சொற்களையும் அவற்றின் வழக்காற்றுடன் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். ஆட்சியாளர் ஆவணங்களைத் தமிழாக்குவோர் ‘இல்லம்’, ‘நட்புக்குடி’, ‘பகைக்குடி’, ‘பழக்கப்படுத்துதல்’ போன்ற சொற்களை ஆராயாமல் எடுத்தாளலாகாது. தீவுகளில் மருத்துவப் பணி செய்வோர்க்கான கையேடுகளில் ‘மனச்சோர்வு’, ‘மனவழுத்தம்’ என்னும் நம் கலைச்சொற்களை அப்படியே ஏற்றாமல், அம்மக்கள் தம் துயரை உடலின் எப்பகுதியில் வைத்துச் சொல்கின்றனர் என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

தமிழர்க்கு இத்தீவுகள் தொலைவிலுள்ளவை அல்ல. மாநக்கவாரம் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்றுள்ளது. 1964ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுள் சில கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறின. வறுமையாலும் பாகுபாட்டாலும் இடம்பெயர்ந்த அனுபவம் அக்குடும்பங்களுக்கும் உண்டு. அவர்களுக்குப் பேச்சுத்துணையாகத் தமிழ் உடன் வந்தது. பெரிய அந்தமானியருள் இன்று வாழும் இளையோர்க்கு அவர்தம் மூதாதையர் மொழி அகராதியிலும் ஒலிப்பதிவிலுமே பெரிதும் எஞ்சியுள்ளது. அப்பதிவுகள் ஆய்வகங்களோடு நின்றுவிடாமல் ஸ்ட்ரெய்ட் தீவின் வீடுகளுக்கும் சென்று சேர்தல் வேண்டும். மொழியியலார் அவர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய கடனுள் அது முதலாவதாகும்.